போர்ட் எலிசபெத் நகரத்துக் குதிரை ஞாபகச்சின்னம்

உலகத்துப் பெருநகரங்களின் நாற்சந்திகளிலே யுத்த ஞாபகார்த்தமாக நிறுத்தப்பெற்ற குதிரைச் சிலைகள் அநேகம். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. மேலே ஒரு சேனாதிபதியோ, அரசரோ கம்பீரமாய் வீற்றிருப்பார்; கீழே குதிரை அவருக்கு ஆசனமாய் நிற்கும். பீடத்திலே அவருடைய பெயரும் பட்டங்களும் ஜயித்த யுத்தங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். சுமந்து சென்ற பிராணியைப் பற்றி ஓர் எழுத்தும் இராது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் பார்லிமெண்டு மாளிகையின் முன்னே 1931-ல் நிறுவப்பெற்ற போயர் சேனாதிபதி லூயி போத்தாவின் சிலை அவ்வகையைச் சேர்ந்ததே.

ஆனால் அதே தேசத்தின் கீழ்க்கரையிலுள்ள போர்ட் எலிசபெத் என்னும் துறைமுக நகரத்தில் ஒரு சிலை இருக்கின்றது. அதிலே குதிரையின்மேல் ஒருவரும் ஏறியிருக்கவில்லை. சேணம் காலியாயிருக்க, தாகத்தால் வாடிய குதிரை தரையில் நிற்கின்றது. சாதாரணச் சிப்பாய் ஒருவன் அதன் முன்னே மண்டியிட்டு, நீர் நிறைந்த வாளியை இரு கைகளாலும் ஏந்தி, அதன் வாய்க்கு நேரே நீட்டுகின்றான். மனிதன் கீழே, பிராணி மேலே. இத்தகைய அமைப்பு உலகில் அபூர்வம். அதன் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் தாய்மார்களும் அறிந்துகொள்வது பயனுடையதாகும். அதிலே நம்மவர் சம்பந்தமும் சிறிது உண்டு என்பது பின்னால் விளங்கும்.

டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு என்னும் இரண்டு குடியரசுகளை ஆண்டுவந்த டச்சு வமிசத்தாரான போயர்களுக்கும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கும் 1899-ம் வருஷம் அக்டோபர் மாதம் 11-ந் தேதி யுத்தம் மூண்டது. 1886-ல் டிரான்ஸ்வாலில் பொன் அகப்பட்டதே அந்தப் பகைமைக்கு எண்ணெய் வார்த்தது என்பது யாவரும் அறிந்ததே. 1902-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகும் வரையில் இரண்டரை வருஷத்துக்கு மேல் யுத்தம் நீடித்தது. போயர்கள் குடியானவர்கள், ஆயினும் பிறவி முதல் குதிரையேற்றத்தில் பழகியவர்கள். அவர்களுடைய மட்டக் குதிரைகளோ அந்நாட்டுப் புல்லையே மேய்ந்து பிழைக்கப் பழகியவை. இன்று ஓரிடத்தில் தாக்கி, மறுநாள் ஐம்பது மைலுக்கப்பால் மறைந்துவிடும் அவ்வெதிரிகளைக் காலாட்படையைக் கொண்டு பிடிக்க முடியாதென்று கண்ட பிரிட்டிஷ் தளகர்த்தர்கள், உலகமெங்கும் குதிரை வாங்கத் தொடங்கினார்கள்.

இங்கிலாந்து, அயர்லாந்து, ஹங்கேரி, அர்ஜென்டீனா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், கானடா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய தேசங்களினின்றும் கப்பல் கப்பலாய்க் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வந்து இறங்கின. அவ்விதம் இறங்கிய துறைமுகங்களுள் முக்கியமானது போர்ட் எலிசபெத். யுத்தம் முடிவதற்குள் பிரிட்டிஷ் சேனைக்கு வந்து சேர்ந்த குதிரைகள் ஐந்து லட்சத்துக்கு மேல். அவற்றுள் மாண்டவை மூன்று லட்சத்துக்கு மேல். போர்ட் எலிசபெத்தில் இறங்கிய நாள் முதல் ஒரு குதிரையின் ஆயுசு சராசரி ஆறே வாரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் பீரங்கிக் குண்டினால் மாண்டவை என்று அன்பர்கள் எண்ணலாகாது. குண்டுபட்டு இறந்தவை மிகச் சொற்பம். வாரக்கணக்காய்க் கப்பலின் அடித்தட்டிலே படுக்கவும் இடமின்றி நின்றவாறே வந்த பிராணியை, கரை சேர்ந்ததும் சில வாரங்களாவது இளைப்பாறவிட வேண்டும் என்பது குதிரை வளர்க்கும் எவனுக்கும் தெரிந்த விஷயம். அங்கோ, இறங்கியவுடனே ரயில் வண்டியில் ஏற்றி யுத்தகளத்துக்கு அனுப்பினார்கள். வடகண்டத்திலிருந்து வந்தவற்றுக்குப் பருவமும் தலைகீழாயிற்று. அங்கே குளிருக்கென்று அடர்ந்து வளர்ந்த ரோமத்தோடு வந்து, இங்கே கடுங்கோடையில் இறங்கின. ஆள், சேணம், துப்பாக்கி, தோட்டா, கம்பளி என்று ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் ஏறிய பாரம் ஏறக்குறைய 280 ராத்தல். தீனியோ பாதி. இவற்றோடு அத்தேசத்துக்கே உரிய குதிரைக் கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டது. புதிதாய்ப் படையில் சேர்ந்தவர் பலருக்குக் குதிரையைத் தடவிக் கொடுக்கவும், சேணத்தை இறக்கிப் புண்ணைப் பார்க்கவும், நடக்க வேண்டிய இடத்தில் இறங்கி நடக்கவும் தெரியாது. அறியாமையினாலும் அவசரத்தினாலும் கொல்லப்பட்டவையே மிகுதி.

ஓர் உதாரணம் கூறுவோம். கிம்பர்லி என்னும் வைர நகரத்தைப் போயர்கள் முற்றுகையிட்டிருந்தனர். அதை மீட்கும்பொருட்டு 1900-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 11-ந் தேதி விடியுமுன்னே தளகர்த்தர் ஃபிரெஞ்சு என்பவர் தம் குதிரைப்படையுடன் புறப்பட்டார். கோடை வெயிலிலே, நீரற்ற வெளியிலே, நான்கு நாட்கள் ஓட்டம். 15-ந் தேதி நகரம் மீட்கப்பட்டது; லண்டனிலே வெற்றிக் கோஷம் எழுந்தது. ஆனால் வழியெங்கும் குதிரைகள் நா வறண்டு விழுந்து கிடந்தன. நகரத்தை அடைந்தபோது உயிரோடிருந்தவற்றிலும் பல, பிறகு சவாரிக்கு உதவாமலே போயின. லேடிஸ்மித்தில் நேர்ந்ததோ வேறு விதம். 118 நாள் முற்றுகையிலே உணவு தீர்ந்தபோது, சிப்பாய்கள் தாங்கள் ஏறிய குதிரைகளையே அடித்து, மாமிசத்தைக் காய்ச்சிச் சாறு செய்து அருந்தி உயிர் தரித்தார்கள்.

இவற்றையெல்லாம் நேரே கண்டவர்கள் போர்ட் எலிசபெத் ஜனங்கள். கொழுகொழுவென்று இறங்கியவை ரயிலேறியதையும் கண்டார்கள். எலும்பும் தோலுமாய்த் திரும்பியவற்றையும் கண்டார்கள். யுத்தம் முடிந்தபின் அவ்வூர்ப் பெண்மணிகள் சிலர், ஹாரியட் மேயர் என்னும் சீமாட்டியின் தலைமையில் ஒரு கமிட்டி ஏற்படுத்திக்கொண்டு, மாண்ட பிராணிகளுக்கு ஞாபகச்சின்னம் எழுப்பப் பொதுஜனங்களிடம் பணம் திரட்டினார்கள். சேனையோ சர்க்காரோ முன்வராத காரியத்தைப் பெண்கள் மேற்கொண்டார்கள். ஜோஸஃப் வைட்ஹெட் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு உரு அமைத்து, இங்கிலாந்தில் தேம்ஸ் டிட்டன் என்ற ஊரிலுள்ள வார்ப்படசாலையில் வெண்கலத்தில் வார்ப்பித்துக் கப்பலில் வரவழைத்தனர்.

1905-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 11-ந் தேதி சனிக்கிழமையன்று, நகரத் தலைவராயிருந்த ஃபெட்டிஸ் துரை அதனைத் திறந்து வைத்தார். ஃபிரெஞ்சின் படை கிம்பர்லியை நோக்கிப் புறப்பட்டு அன்று சரியாய் ஐந்து வருஷம் நிறைந்திருந்தது. நாள் தற்செயலாய் அமைந்ததோ, தேர்ந்தெடுத்ததோ, தாகத்தால் விழுந்த குதிரைகளின் நினைவுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. சிலையைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்தார்களில்லை. கற்பீடத்தின் அடியிலே கால்நடைகள் நீர் அருந்துவதற்கு ஒரு தொட்டியையும் அமைத்தார்கள். வண்டியிழுத்துக் களைத்துவந்த உயிருள்ள குதிரை கீழே நீர் குடிக்க, மேலே வெண்கலக் குதிரை வாளியை நோக்கித் தலை தாழ்த்தி நின்றது. அக்காலத்து மனிதர்களின் நல்லறிவுக்கு இந்தத் தொட்டியே போதிய சாட்சி என்பது எம் கருத்து.

பீடத்திலே இரண்டு விஷயங்கள் பொறிக்கப்பட்டன. மாண்ட வீரப் பிராணிகளின் சேவையைப் போற்றிப் பொதுஜன நன்கொடையால் நாட்டியது என்பது ஒன்று. மற்றொன்று மிக உயர்ந்த வாசகம்: ஒரு தேசத்தின் மேன்மை அதன் ஜனத்தொகையிலும் நிலப்பரப்பிலும் அவ்வளவாக இல்லை, அதன் கருணை எவ்வளவு தூரம் பரந்தது, எவ்வளவு நீதியுடையது என்பதிலேயே இருக்கின்றது என்பது அதன் கருத்து. சாம்ராஜ்யத்தின் நிலப்பரப்பே பெருமையென்று பேசப்பட்ட காலத்தில், அந்தச் சாம்ராஜ்யத்தின் துறைமுகமொன்றிலேயே இவ்வாறு எழுதி வைத்தது சாமானியமன்று.

வாசகத்தை அன்பர்கள் மறுபடியும் ஒருமுறை நோக்குவார்களாக. கருணையின் பரப்பு, கருணையின் நீதி என இரண்டு அளவுகள் கூறப்பட்டிருக்கின்றன. பரப்பு என்னும் அளவினால் பார்த்தால், வாயில்லாப் பிராணி வரையில் எட்டிய கருணைக்கு நிகரில்லை. நீதி என்னும் அளவினால் பார்த்தாலோ, சில கேள்விகள் எழுகின்றன. அவற்றை எழுப்பாமல் இந்த வரலாற்றைக் கூறுவது அரைகுறையாய் முடியும்.

அந்த யுத்தத்திலே போயர்களின் பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தார்கள். அங்கே நோயினாலும் பசியினாலும் இறந்தவர் ஏறக்குறைய 28,000 பேர். அவர்களில் 22,000 பேர் சிறுவர் சிறுமியர். அவர்களுக்கு புளூம்ஃபான்டேன் நகரத்தில் ஞாபகச்சின்னம் எழுந்தது 1913-ல், அதாவது குதிரைகளுக்கு எழுந்து எட்டு வருஷத்துக்குப் பின்னர். கறுப்பு ஜனங்களுக்கும் தனி முகாம்கள் இருந்தன. அவற்றில் இறந்தவர் கணக்கில் வந்த அளவில் 14,000-க்கு மேல். உண்மைத் தொகை 20,000-க்குக் குறையாது என்று சரித்திர ஆசிரியர் பலர் கருதுகின்றனர். அவர்களுடைய சமாதிகளைத் தேடிக் கண்டு பெயரெழுதும் வேலை, நூறு வருஷங்கள் கழிந்த பிறகே ஊக்கமாய் நடக்கலாயிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? குதிரையை ஓட்டினவன் யார், நீர் காட்டினவன் யார் என்று கேட்போம். பிரிட்டிஷ் சேனையில் வண்டியோட்டிகளாகவும், குதிரைக்காரர்களாகவும், ஒற்றர்களாகவும் ஏறக்குறைய ஒரு லட்சம் கறுப்பர்கள் வேலை செய்தார்கள். போயர்களின் பக்கத்திலும் எஜமானர் பலர் பின்னால் குதிரை பிடித்துச் செல்லும் கறுப்புப் பணியாட்கள் உண்டு. நாளொன்றுக்கு எத்தனை வாளி நீரை அவர்கள் சுமந்திருப்பார்கள்! ஆனால் சிலையிலே வாளியேந்தி மண்டியிடுபவனோ வெள்ளைச் சிப்பாய். சிற்பியின் நல்லெண்ணத்தில் குறை காண்பதற்கில்லை. கண்ணுக்கு முன் நின்றவர்களும் கண்ணில் படாமற் போவது எவ்வளவு எளிது என்பதற்கே இதைச் சொல்கிறோம்.

இனி நம்மவர் சம்பந்தத்துக்கு வருவோம். "வெள்ளையர் யுத்தம்" என்று பெயரிட்டு, இந்தியச் சிப்பாய்களைப் போர் முனையில் நிறுத்தலாகாது என்று சர்க்கார் தீர்மானித்திருந்தனர். ஆயினும் இந்தியாவினின்று சென்ற வெள்ளைப் பட்டாளங்களோடு தண்ணீர் சுமப்போர், டோலி தூக்குவோர், சலவை செய்வோர், லாடம் கட்டுவோர், குதிரைக்காரர் என ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். இந்தியாவிலிருந்து அனுப்பிய குதிரைகள் கடலைக் கடந்து உயிரோடு சேர்ந்தனவென்றால், அவற்றின் கழுத்தருகே இரவும் பகலும் நின்ற குதிரைக்காரர்களே அதற்குக் காரணம்.

நேட்டாலிலேயே குடியேறியிருந்த நம்மவரும் வாளாவிருந்தாரில்லை. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவருள் தமிழர் மிகுதி. 1899-ம் வருஷக் கடைசியில் காந்தியடிகள் இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டியபோது சேர்ந்த ஏறக்குறைய 1,100 பேரில் 800 பேர் அத்தகைய ஒப்பந்தத் தொழிலாளர். ஸ்பியான் கோப் யுத்தத்தின்போது காயம்பட்டவர்களைத் தோளிலே சுமந்து, ஒரே நாளில் இருபது மைலும் அதற்கு மேலும் நடந்தார்கள். யுத்தம் முடிந்தபின் பதக்கம் பெற்றவர்கள் படையின் தலைவர்கள் மட்டுமே. இது எங்குமுள்ள வழக்கம்தான். சங்க மகாநாடு நடந்தால் அறிக்கையில் தலைவர் பெயரும் காரியதரிசி பெயரும் வரும். இரவெல்லாம் பந்தற்கால் நட்டவன் பெயரும் அடுப்படியில் வெந்தவள் பெயரும் வருவதில்லை.

லேடிஸ்மித் முற்றுகையிலே பிரபு சிங் என்னும் ஒப்பந்தக் கூலி ஒருவர், போயர்களின் பெரிய பீரங்கியைக் கண்கொட்டாமல் பார்த்திருந்து, அது சுடும்போதெல்லாம் எச்சரிக்கை செய்து அநேகர் உயிரைக் காத்தார். அவருக்கு இந்திய வைஸ்ராயின் மனைவி கர்ஸன் சீமாட்டி காஷ்மீர் அங்கி ஒன்றை அனுப்பிக் கௌரவித்தார். பெயர் நிலைத்த கூலி அவர் ஒருவர். நிலையாதவர் எத்தனையோ பேர்.

ஜோகன்னஸ்பர்க் நகரத்தில், அப்ஸர்வேட்டரி என்னும் மேட்டின்மீது ஒரு கல் தூண் நிற்கின்றது. 1902-ல் எழுப்பியது. அதில் குதிரையும் இல்லை, மனித உருவும் இல்லை. யுத்தத்தில் மாண்ட இந்திய சேனையின் பிரிட்டிஷ் அதிகாரிகளையும் இந்திய வீரர்களையும் குறித்ததோடு நில்லாமல், மிருக வைத்திய உதவியாளர், லாடம் கட்டுவோர், ஏனைய பணியாட்கள் என்று தொழில் சொல்லி அதிலே எழுதி வைத்திருக்கிறார்கள். தனித்தனிப் பெயர் கூறாவிட்டாலும், குதிரையின் குளம்பைக் கையில் ஏந்தியவனைக் கல்லில் எழுத ஒருவருக்காவது தோன்றிற்று. போர்ட் எலிசபெத் சிலையைக் காணச் செல்லும் யாத்திரிகர்கள் இந்தத் தூணையும் கண்டுவருதல் நலம். ஒன்றில் விட்டுப்போனது மற்றொன்றில் இருக்கின்றது.

அந்த யுத்தம் சில பாடங்களையும் கற்பித்தது. 1903-ல் பிரிட்டிஷ் சேனையில் மிருக வைத்தியத்துக்கென்றே தனிப்படை அமைக்கப்பட்டது. 1914-ல் தொடங்கிய ஐரோப்பிய மகாயுத்தத்தில் காயம்பட்ட குதிரைகளுக்கு ஆஸ்பத்திரிகள் ஏற்பட்டன.

மோட்டார் வண்டிகள் பெருகவே தொட்டியில் நீர் குடிக்கக் குதிரைகள் வருவது நின்றது. முதலில் செயின்ட் ஜார்ஜ் பூங்காவின் அருகே நின்ற சிலையை, 1950-களில் கேப் ரோடும் ரஸ்ஸல் ரோடும் சந்திக்கும் இடத்துக்குப் பெயர்த்துச் சென்றார்கள். சிலைக்குச் சேதமின்றி, மரியாதையோடு அவ்விடமாற்றம் நடந்தது. அதற்குச் சில வருஷங்களுக்கெல்லாம் அதே நகரத்தில் வேறோர் இடமாற்றமும் நடந்தது. சவுத் எண்டு என்னும் கடலோரப் பேட்டையில் பலநிற மக்களும் கலந்து குடியிருந்தார்கள். தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. 1950-ம் வருஷத்துக் குடியிருப்புப் பிரதேசச் சட்டத்தின்படி அப்பேட்டை வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்டு, 1960-களிலும் 1970-களிலும் வீடுகள் இடிக்கப்பட்டன. இந்தியர்களை ஊருக்குப் புறத்தே மலபார் என்று பெயரிட்ட குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களிலெல்லாம் பீடத்திலிருந்த கருணையும் நீதியும் பற்றிய வாசகம் அழியாமல் அப்படியே இருந்தது.

1994-ல் நிறபேத ஆட்சி ஒழிந்தது. இருபது வருஷங்களுக்குப் பிறகு பழைய சிலைகளைப் பற்றிய வழக்கு எழுந்தது. 2015-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கேப் டவுன் சர்வகலாசாலை மாணவர்கள் ஸெசில் ரோட்ஸ் சிலையை நீக்க வேண்டுமென்று கிளர்ச்சி தொடங்கினர். ஏப்ரல் 9-ந் தேதி அது நீக்கப்பட்டது. அந்த நாட்களிலேயே போர்ட் எலிசபெத்தின் குதிரை ஞாபகச்சின்னத்தையும் சிலர் தாக்கினார்கள். அவர்களுடைய கோபத்துக்குக் காரணமில்லை என்று நாம் கூறமாட்டோம். எங்கள் பாட்டன்மார் கல்லில் இல்லை, குதிரை இருக்கின்றதே என்று பேரர்கள் கேட்டால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நெடுங்காலம் மௌனமாயிருந்தார்கள் அன்றோ? ஆயினும் அக்கோபம் விழுந்த இடம்தான் விசித்திரம். கிளர்ச்சிக்காரருக்கு அந்நகரில் அகப்பட்டது ஒரு சேனாதிபதியோ, பொன் முதலாளியோ அல்லன். பெயரும் பட்டமும் இன்றி, பிராணிக்கு முன் மண்டியிட்டு நீர் ஏந்திய சிப்பாயையே பெயர்த்துக் கீழே தள்ளினார்கள். குதிரை மட்டும் பீடத்தின்மேல் தனியே நின்றது.

நகரத்துக்கும் 2021-ல் க்கெபெர்ஹா என்று அந்நாட்டு ஸோஸா பாஷையில் பெயர் மாறிவிட்டது. அப்பெயரின் முதலெழுத்தை நாவைச் சொடுக்கி உச்சரிக்க வேண்டும். நம் தமிழெழுத்தில் அவ்வொலி அடங்காது. அவ்வூரின் வழியே ஓடும் பாக்கன்ஸ் நதிக்கு ஸோஸா மக்கள் வழங்கிவந்த பெயர் அது. குதிரைக் கப்பல்கள் வந்து இறங்கிய காலத்திலும், துறைமுகத்தில் சுமை இறக்கிய தொழிலாளர் தங்களுக்குள் அவ்வூரை அப்பெயராலேயே வழங்கியிருக்கக்கூடும்.